கைப்பிடிச்சுவரும் கார் காப்பீடும்

உக்கிராணத்துவம் – மாதந்தோறும் குடும்பப் பொருளாதாரம்



பிழைப்பைத் தேடி மும்பைக்கும் பெங்களூருக்கும் புனேக்கும் டில்லிக்கும் வந்து சேர்ந்த நம்முடைய குடும்பங்களில் முதல் தலைமுறையினர், மின்சார ரயிலிலும் நகரப் பேருந்திலும் நெருக்கியடித்துக்கொண்டுதான் ஆராதனைக்கு வந்தார்கள். இன்று ஞாயிற்றுக்கிழமைகளில் சபை வாசலில் கார்கள் வரிசையாக நிற்கின்றன. இது கர்த்தர் செய்த நன்மை, அதற்காக ஸ்தோத்திரம். ஆனால் கார் வந்த வீட்டில் மாதத் தவணை, பெட்ரோல், நிறுத்தக் கட்டணம், பழுதுபார்ப்பு என்று செலவுகளும் கூடவே வந்து குடியேறிவிடுகின்றன. அவற்றோடு ஆண்டுக்கு ஒருமுறை இன்ஷூரன்ஸ் பிரீமியமும் வந்து நிற்கிறது.

இதைக் குறித்து நம்மிடையே இரண்டு கேள்விகள் உண்டு. "இந்தத் தொகையைக் குறைக்க வழியுண்டா?" என்பது ஒன்று. "கர்த்தர் காக்கிறவராயிருக்க, இன்ஷூரன்ஸ் எதற்கு? அது அவிசுவாசமல்லவா?" என்பது மற்றொன்று. இரண்டாவது கேள்விக்கு விடை கிடைத்தால், முதல் கேள்விக்கும் வழி தெளிவாகும்.

யாருக்காக இந்தக் காப்பீடு?

நாம் கையெழுத்திட்டு வாங்கும் கார் பாலிசி ஒரே காகிதக் கட்டாக இருந்தாலும், அதற்குள் இரண்டு பங்குகள் இருக்கின்றன. நம்முடைய காருக்கு விபத்து, தீ, திருட்டு, வெள்ளம் ஆகியவற்றால் நேரிடும் சேதத்தை ஈடுசெய்வது ஒரு பங்கு. இதைச் சொந்தச் சேதப் பங்கு என்பர். நம்முடைய காரால் மற்றொருவருக்கு நேரிடும் மரணம், காயம், பொருட்சேதம் ஆகியவற்றுக்கு ஈடுகொடுப்பது மற்றொரு பங்கு. இதுவே மூன்றாம் நபர் காப்பீடு. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146ஆம் பிரிவு கட்டாயமாக்கியிருப்பது இந்த இரண்டாம் பங்கை மட்டுமே.

சட்டம் கட்டாயப்படுத்துவது நம்மைக் காப்பதற்காக அன்று. சாலையோரத்தில் நடந்து செல்லும் அந்நியனைக் காப்பதற்காக என்பதைக் கவனியுங்கள். தன்னுடைய காருக்காகக் கர்த்தரை மாத்திரம் நம்புகிறேன் என்று ஒரு விசுவாசி சொல்லலாம். ஆனால் தன் கார் மோதிக் கால் இழந்த கூலித்தொழிலாளியின் மருத்துவச் செலவுக்கும், அவன் பிள்ளைகளின் சாப்பாட்டுக்கும் வழிவைக்காமல் இருப்பதை விசுவாசம் என்று சொல்ல முடியுமா?

உபாகமம் 22ஆம் அதிகாரத்தில் ஒரு கட்டளை இருக்கிறது. புதிய வீட்டைக் கட்டுகிறவன், மேல்தளத்திலிருந்து ஒருவன் விழுந்து அந்த வீட்டின்மேல் இரத்தப்பழி வராதபடி, கைப்பிடிச்சுவர் கட்டவேண்டும் என்பதே அது. வீட்டுக்காரனுக்குத் தன் மாடியின் விளிம்பு தெரியும். அந்தச் சுவர் பெரும்பாலும் மற்றவர்களுக்காகவே. யாத்திராகமம் 21ஆம் அதிகாரமும், குழி வெட்டி அதை மூடாமல் விட்டவன் அதில் விழுந்த பிறனுடைய மாட்டுக்கு ஈடுகொடுக்கவேண்டும் என்கிறது. நம் உடைமையால் அயலானுக்கு வரும் தீங்குக்கு நாமே உத்தரவாதிகள் என்பது வேதத்தின் பழைய நியதி. மூன்றாம் நபர் காப்பீடு, நம் காரைச் சுற்றிக் கட்டப்படும் கைப்பிடிச்சுவர்.

ஆகவே சிக்கனத்துக்கு ஒரு விதியை வைத்துக்கொள்ளலாம்: நம்முடைய பங்கில் எவ்வளவு வேண்டுமானாலும் சிக்கனம் செய்யலாம், அயலானுடைய பங்கில் கைவைக்கலாகாது.

கைவைக்கலாகாத பங்கு

மூன்றாம் நபர் பிரீமியத்தை அரசே நிர்ணயிப்பதால், எந்த நிறுவனத்திடம் வாங்கினாலும் தொகை ஒன்றுதான். 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி, 1,000 சிசி வரையுள்ள சொந்தக் கார்களுக்கு ஆண்டுக்கு ரூ. 2,094, 1,000 முதல் 1,500 சிசி வரை ரூ. 3,416, அதற்கு மேல் ரூ. 7,897. மின்சாரக் கார்களுக்கு இதில் 15 சதவீதச் சலுகையும் அளிக்கப்பட்டது. இதற்குமேல் ஜி.எஸ்.டி. உண்டு. 2025 செப்டம்பரில் தனிநபர் ஆயுள் காப்பீட்டுக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கும் அந்த வரி நீக்கப்பட்டது. கார் காப்பீட்டுக்கு நீக்கப்படவில்லை.

நடுத்தரக் கார் ஒன்றுக்கு ஆண்டுக்கு மூவாயிரத்துச் சொச்சம் என்றால், நாளொன்றுக்குப் பத்து ரூபாய்கூட இல்லை. ஒரு தேநீரின் விலை. விபத்தில் மரணமோ காயமோ நேரிட்டால் தீர்ப்பாயம் விதிக்கும் இழப்பீட்டுக்கு இந்தக் காப்பீட்டில் உச்சவரம்பு கிடையாது. பிறருடைய பொருட்சேதத்துக்கு ரூ. 7.5 லட்சம் வரை கிடைக்கும். காப்பீடு இல்லாமல் ஓட்டிப் பிடிபட்டால், 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி முதல்முறை ரூ. 2,000, மறுமுறை ரூ. 4,000 அபராதம்; மூன்று மாதம் வரை சிறைத்தண்டனைக்கும் இடமுண்டு. அபராதத்தைக் கட்டிவிட்டு வந்துவிடலாம். விபத்து நேர்ந்து இழப்பீட்டுத் தொகை முழுவதும் நம் தலையில் விழுந்தால், ஊரிலுள்ள நிலமும் வீடும் சேர்ந்து போகும்.

சிக்கனம் செய்யத்தக்க பங்கு

சொந்தச் சேதப் பங்கின் பிரீமியத்துக்கு இருந்த அரசுக் கட்டுப்பாடு 2007 ஜனவரியில் நீங்கியது. அதுமுதல் நிறுவனத்துக்கு நிறுவனம் தொகை மாறுபடுகிறது. கார் விற்ற ஷோரூமிலேயே இன்ஷூரன்சும் வாங்கவேண்டும் என்ற சட்டம் இல்லை. சபையிலுள்ள சகோதரர் ஒருவர் ஏஜென்டாக இருந்தால், அவரிடம் வாங்குவதில் தவறில்லை. ஆனால் தயவுதாட்சணியத்துக்காக ஒப்பிட்டுப் பாராமல் வாங்கவேண்டியதில்லை. குறைந்தது மூன்று நிறுவனங்களின் தொகையைக் கேட்டு வாங்குங்கள். கோபுரம் கட்ட மனதுள்ளவன் முதலில் உட்கார்ந்து செல்லுஞ்செலவைக் கணக்குப் பார்ப்பான் என்று நம் ஆண்டவர் காட்டிய உவமை காருக்கும் பொருந்தும்.

ஒப்பிடும்போது ஒன்றில் ஏமாறக் கூடாது. காரின் காப்பீட்டு மதிப்பை, அதாவது ஐ.டி.வி.யை, குறைத்துக் காட்டினால் பிரீமியமும் குறையும். நான்கு லட்சம் பெறுமானமுள்ள காருக்கு மூன்று லட்சம் என்று போட்டுச் சில நூறு ரூபாய் மிச்சமென்று காட்டுவார்கள். கார் திருடுபோனால் கைக்கு வருவதும் அந்த மூன்று லட்சக் கணக்கில்தான். எல்லா நிறுவனங்களிடமும் ஒரே மதிப்பைச் சொல்லித் தொகை கேட்பதே சரியான ஒப்பீடு.

ஒவ்வொரு இழப்பீட்டிலும் நாம் ஏற்கவேண்டிய கட்டாயக் கழிவு ஒன்று உண்டு. 1,500 சிசி வரையுள்ள கார்களுக்கு அது ரூ. 1,000, அதற்கு மேற்பட்டவற்றுக்கு ரூ. 2,000. இதற்குமேலும் ஐயாயிரமோ ஏழாயிரத்து ஐந்நூறோ நானே ஏற்றுக்கொள்கிறேன் என்று முன்வந்தால், சொந்தச் சேதப் பிரீமியத்தில் தள்ளுபடி கிடைக்கும். நிதானமாக ஓட்டுகிறவர்களுக்கும், சிறு செலவுக்குக் கையில் சேமிப்பு வைத்திருக்கிறவர்களுக்கும் இது நல்ல வழி.

பொறுமையின் பலன்

நம்மில் பலர் அறியாமல் இழப்பது, இழப்பீடு கோராத ஆண்டுகளுக்காகத் தரப்படும் என்.சி.பி. என்னும் சலுகை. சொந்தச் சேதப் பிரீமியத்தில் முதல் ஆண்டுக்கு 20 சதவீதம். பின்பு 25, 35, 45. ஐந்தாண்டுகள் தொடர்ந்து கோராதிருந்தால் 50 சதவீதம். ஒரேயொரு கோரிக்கை வைத்தாலும் அது பெரும்பாலும் மறுபடி பூஜ்யத்துக்கு இறங்கிவிடும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். சலுகைக்கு முன் சொந்தச் சேதப் பிரீமியம் ரூ. 8,000 என்று வைத்துக்கொள்வோம். ஐம்பது சதவீதச் சலுகை உள்ளவர் ரூ. 4,000 கட்டுகிறார். நெரிசலில் பின்புற பம்பர் உடைந்து ரூ. 6,000 செலவு. அதில் பம்பரின் விலை ரூ. 4,000, கூலி ரூ. 2,000. பிளாஸ்டிக் பாகங்களுக்குச் சாதாரணப் பாலிசியில் பாதி விலையே கிடைக்கும். ஆக 2,000, கூலி 2,000, அதில் கட்டாயக் கழிவு 1,000 போகக் கிடைப்பது ரூ. 3,000. இனி இழப்பைப் பாருங்கள். அடுத்த ஆண்டு சலுகை இல்லாமல் ரூ. 4,000 கூடுதல், அதற்கடுத்த ஆண்டுகளில் முறையே ரூ. 2,400, 2,000, 1,200, 400 கூடுதல். மொத்தம் ரூ. 10,000. கார் பழையதாக ஆகப் பிரீமியம் இறங்கும் என்பதால் இந்தத் தொகை சற்றுக் குறையலாம். ஆனாலும் மூவாயிரம் வாங்கி அதைவிடப் பெரிய தொகையை இழந்தோம் என்பதில் மாற்றமில்லை. சிறு சேதங்களைச் சொந்தச் செலவில் சரிசெய்துவிட்டுப் பெரிய சேதத்துக்காகப் பாலிசியை வைத்திருப்பதே ஞானம்.

இந்தச் சலுகை காருக்கு உரியதன்று, உரிமையாளருக்கு உரியது. பழைய காரை விற்றுப் புதிய கார் வாங்கும்போது, பழைய நிறுவனத்திடமிருந்து அதற்கான சான்றிதழைக் கேட்டுப் பெற்றால், புதிய காருக்கு அதைப் பயன்படுத்தலாம். மூன்று ஆண்டுகள்வரை அது செல்லும். புதிய காரின் சொந்தச் சேதப் பிரீமியம் ரூ. 20,000 என்றால், ஐம்பது சதவீதச் சலுகை பத்தாயிரம் ரூபாய். ஒரு விண்ணப்பம் எழுதாததால் இதை இழக்கிறவர்கள் உண்டு. பாலிசி முடிந்து 90 நாட்களுக்குள் புதுப்பிக்காவிட்டாலும் சேர்த்துவைத்த சலுகை முழுவதும் அழிந்துபோகும்.

2018 செப்டம்பர் முதல், புதிய காருக்கு மூன்றாண்டுகளுக்கான மூன்றாம் நபர் காப்பீட்டைச் சேர்த்தே வாங்கவேண்டும் என்பது விதி. "மூன்று வருஷத்துக்குக் கட்டியாயிற்று" என்று பலர் கவலையற்றிருந்துவிடுகிறார்கள். சொந்தச் சேதப் பங்கு ஓராண்டுக்கே வாங்கப்பட்டிருந்தால், அதை ஆண்டுதோறும் தனியே புதுப்பிக்கவேண்டும். உங்கள் பாலிசியில் இரண்டு முடிவுத் தேதிகள் இருக்கின்றனவா என்று இன்றே பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமைக் கார்

வாரம் முழுவதும் ரயிலில் வேலைக்குப் போய்விட்டு, ஆராதனைக்கும் வீட்டுக்கூட்டத்துக்கும் மாத்திரம் காரை எடுக்கும் குடும்பங்கள் நம்மில் அநேகம். அவர்களுக்கு ஏற்ற வழி ஒன்றை 2022 ஜூலையில் காப்பீட்டு ஒழுங்காற்று ஆணையம் அனுமதித்தது. ஓட்டும் தூரத்துக்கு ஏற்பச் சொந்தச் சேதப் பிரீமியம் கட்டும் திட்டம் அது. ஆண்டுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்பதை மீட்டரில் பார்த்துக் குறித்துவைத்து, அந்தத் திட்டம் உண்டா என்று கேளுங்கள். ஊருக்குக் காரிலேயே போய்வரும் வழக்கமிருந்தால் அந்தத் தூரத்தையும் கணக்கில் சேருங்கள்.

உரிமையாளர் ஓட்டுநருக்கான ரூ. 15 லட்சம் தனிநபர் விபத்துக் காப்பீடும் பாலிசியில் சேர்க்கப்படுகிறது. உங்களிடம் இரண்டு வாகனங்கள் இருந்தாலும், அதே அளவுள்ள விபத்துக் காப்பீடு ஏற்கெனவே இருந்தாலும், மறுபடியும் இதற்குப் பணம் கட்டவேண்டியதில்லை. மனைவியின் பெயரில் காரைப் பதிந்திருக்கும் குடும்பங்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். இந்தக் காப்பீடு உரிமம் பெற்ற உரிமையாளருக்கு மாத்திரமே. கார் மனைவியின் பெயரில் இருந்து கணவர் ஓட்டினால், அவருக்கு இதில் ஒன்றும் கிடைக்காது. அவருக்குத் தனியாக விபத்துக் காப்பீடு எடுப்பது நல்லது.

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளான பழைய காருக்குச் சொந்தச் சேதப் பங்கையே விட்டுவிட்டு, மூன்றாம் நபர் காப்பீட்டை மாத்திரம் வைத்துக்கொள்வது பெரிய சிக்கனம். கார் முழுவதும் போனாலும் அந்த நஷ்டத்தை உங்களால் தாங்க முடியுமானால் இது நியாயமே. ஆனால் முடிவெடுக்குமுன், உங்கள் காரில் யார் ஏறுகிறார்கள் என்று யோசியுங்கள். முழுப் பாலிசியில் காருக்குள் இருக்கும் பயணிகளுக்கும் பாதுகாப்பு உண்டு. சட்டம் கேட்கும் குறைந்தபட்சப் பாலிசியில், இலவசமாக ஏற்றிச்செல்லப்படும் பயணிகளுக்கு அது இல்லை என்ற வேறுபாட்டைச் சுப்ரீம் கோர்ட்டின் தீர்ப்புகள் காட்டியிருக்கின்றன. வயதான தாயாரையும் கைக்குழந்தையுள்ள சகோதரியையும் ஆராதனைக்கு ஏற்றிவருகிறீர்கள் என்றால், பயணிகளுக்கான விபத்துக் காப்பீட்டைக் கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் காரில் ஏறினவரும் நமக்கு அயலானே.

தாழ்வான பகுதியில் வசிப்பவர்கள் சிக்கனம் பார்க்கக் கூடாத இடமும் உண்டு. 2005 ஜூலை 26 அன்று மும்பை சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்ததை அங்குள்ள நம் சபைகள் மறந்திருக்கமாட்டா. வெள்ளத்தில் நின்ற காரைக் கிளப்பப் பார்த்தால் தண்ணீர் என்ஜினுக்குள் ஏறி அது உடைந்துபோகும். சாதாரணப் பாலிசியில் அந்தச் சேதத்துக்கு ஈடு கிடைப்பது கடினம். என்ஜின் பாதுகாப்பு என்னும் கூடுதல் காப்பீடு அதற்கானது. அதை வாங்கினாலும் வாங்காவிட்டாலும், தண்ணீரில் நின்ற காரின் சாவியைத் திருப்பாதீர்கள். காரை இழுத்துச்சென்று பழுதுபார்க்குமிடத்தில் விடுங்கள்.

ஊர்விட்டு ஊர் வந்தவர்களுக்கு

பிரீமியக் கணக்கில் மும்பை, டில்லி, கொல்கத்தா, சென்னை, பெங்களூர், ஹைதராபாத், புனே, அகமதாபாத் ஆகிய எட்டு நகரங்கள் ஒரு மண்டலமாகவும் மற்ற ஊர்கள் வேறு மண்டலமாகவும் வைக்கப்பட்டன. கார் பதிவான இடத்தைப் பொறுத்துத் தொகை மாறும். நாகர்கோவில் அல்லது திருநெல்வேலிப் பதிவெண்ணோடு மும்பையில் ஆண்டுக்கணக்காக ஓட்டினால் பிரீமியம் சற்றுக் குறைவுதான். ஆனால் வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதங்களுக்குமேல் காரை வைத்திருந்தால், பதிவை மாற்றவேண்டும் என்பது சட்டம். புதிய எண்ணையும் முகவரியையும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவிக்கவேண்டும்.

பழைய கார் வாங்குகிறவர்கள் இதைவிடக் கவனமாயிருக்கவேண்டும். பதிவுச் சான்றிதழில் பெயர் மாறினாலும், சொந்தச் சேதப் பாலிசி தானாக உங்கள் பெயருக்கு வராது. கைமாறிய 14 நாட்களுக்குள் நிறுவனத்துக்கு எழுதிப் பெயரை மாற்றிக்கொள்ளாவிட்டால், உங்கள் காருக்கு வரும் சேதத்துக்கு விற்றவரும் கேட்க முடியாது, நீங்களும் கேட்க முடியாது. விற்றவர் சபைச் சகோதரர்தானே என்று வாய்ப்பேச்சோடு விடாதீர்கள்.

தேவபிள்ளைகளுக்குத் தகாத மிச்சங்கள்

உலகத்தார் சாதாரணமாகச் செய்கிற சில "சிக்கனங்கள்" உண்டு. போன ஆண்டு இழப்பீடு வாங்கியிருந்தும், நிறுவனத்தை மாற்றி "ஒன்றும் வாங்கவில்லை" என்று எழுதிக்கொடுத்துச் சலுகை பெறுவது ஒன்று. புதிய விபத்தோடு பழைய நசுங்கல்களையும் சேர்த்துக் கணக்குக் காட்டுவது மற்றொன்று. "எல்லாரும் செய்வதுதானே, ஐயா" என்று மெக்கானிக்கே சொல்லித்தருவார். சொந்த உபயோகத்துக்கென்று பாலிசி வாங்கிவிட்டு, வாடகைக்கும் பள்ளிக் குழந்தைகளை ஏற்றிச்செல்லவும் காரை ஓட்டுவது இன்னொன்று.

இவற்றில் முதலாவது வெறும் சட்டப்பிரச்சினை அன்று. கையெழுத்திட்டுச் சொல்லும் பொய். நிறுவனங்கள் ஒன்றிடமொன்று விசாரித்துக்கொள்ளும்போது அது வெளிப்பட்டு, உண்மையான தேவை வரும் நாளில் கோரிக்கை மறுக்கப்படும். வாடகைக்கு ஓட்டிய காரின் சேதத்துக்கும் ஈடு மறுக்கப்படும். உரிமம் இல்லாதவர் ஓட்டியிருந்தால், பாதிக்கப்பட்டவருக்கு நிறுவனம் கொடுத்த பணத்தை உரிமையாளரிடமிருந்து வசூலிக்கத் தீர்ப்பாயங்கள் வழிவிடுகின்றன. எண்பது ரூபாய் மிச்சமாயினும் எண்ணாயிரம் மிச்சமாயினும், பொய்யினால் வந்தது ஆசீர்வாதமாயிராது.

இதற்கு மறுபுறமும் உண்டு. நாம் உண்மையாயிருந்தும் நியாயமான கோரிக்கையை ஒரு நிறுவனம் மறுத்தால், சோர்ந்துபோகத் தேவையில்லை. முதலில் நிறுவனத்தின் குறைதீர்க்கும் பிரிவுக்கு எழுதுங்கள். அங்கே நியாயம் கிடைக்காவிட்டால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். அதற்குக் கட்டணமோ வக்கீலோ தேவையில்லை.

புதுப்பிக்குமுன்

1. முடிவுத் தேதிக்கு ஒரு மாதம் முன்பே பாலிசியை எடுத்து வாசியுங்கள். பெயர், பதிவெண், என்ஜின் எண் ஆகியவை சரிதானா என்று பாருங்கள்.

2. ஒரே காப்பீட்டு மதிப்பைச் சொல்லி மூன்று இடங்களில் தொகை கேளுங்கள்.

3. உங்களுக்குச் சேரவேண்டிய சலுகையின் சதவீதம் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

4. கூடுதல் காப்பீடுகள் ஒவ்வொன்றும் எதற்கென்று கேட்டு, தேவையற்றதை நீக்குங்கள்.

5. பணத்தை நிறுவனத்தின் பெயருக்கே செலுத்துங்கள். பாதி விலைக்குப் பாலிசி தருகிறேன் என்று வருகிறவர் கொடுக்கும் காகிதம் போலியாயிருக்கலாம். பாலிசி எண்ணை நிறுவனத்திடமே கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இப்படிச் செய்து இந்த ஆண்டு இரண்டாயிரமோ மூவாயிரமோ மிஞ்சினால், அதை வங்கியில் தனியே போட்டுவையுங்கள். அடுத்த முறை பம்பர் உடைந்தால் இன்ஷூரன்ஸ் அலுவலகத்துக்கு ஓடாமலிருக்க அந்தச் சிறு சேமிப்பே உதவும்.

காரில் ஏறியதும் பயணத்துக்காக ஜெபிக்கும் நல்ல பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அந்த ஜெபத்தில், நம் பாதையில் குறுக்கிடும் சைக்கிள்காரரையும், சாலை கடக்கும் குழந்தையையும், நடைபாதையில் உறங்கும் ஏழையையும் சேர்த்துக்கொள்வோம். அவர்களுக்காக ஜெபிக்கிறவன், அவர்களுக்குரிய பங்கைக் கட்டாமல் வண்டியைக் கிளப்பமாட்டான்.

உண்மையுள்ள உக்கிராணக்காரராய் நடக்கக் கர்த்தர் தாமே நம் ஒவ்வொருவருக்கும் கிருபை செய்வாராக. நம் போக்கையும் வரத்தையும் அவரே காத்து நடத்துவாராக. ஆமென்.